ஒரு முடிச்சு, ஒரு சாமான்

ரங்கூன் துறைமுகத்தில் நான் மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். தூக்குகிற வேலை இல்லை, கட்டுகிற வேலை. முதலில் தூக்கத்தான் போனேன். நிலக்கரிக் கூடை, பிறகு அரிசி மூட்டை. கரி தூக்கினால் எச்சில் கறுப்பாக வரும், அரிசி தூக்கினால் தும்மல் வரும். இரண்டில் தும்மலே மேல் என்று எங்கள் கூலி லைனில் சொல்வார்கள். பிறகு அரிசிக் கப்பல் குறைந்துபோய் ஆள் ஏற்றுகிற கப்பல் வர ஆரம்பித்தது.

கடைகளையெல்லாம் சர்க்கார் எடுத்துக்கொண்டு, பெயர்ப் பலகையைக் கழற்றி நம்பர் மாட்டிய காலம் அது. பபேடான் தெருவில் நேற்றுவரை ஜவுளிக்கடை, வளையல்கடை என்று அடையாளம் சொன்ன இடங்களுக்கு நம்பர் சொல்லி வழி கேட்டார்கள். நம்முடைய ஜனங்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பலுக்குப் பெயர் கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு மேல் போகிற ஊரைக் கண்ணால் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. இங்கேயே பிறந்து, இங்கேயே மீன் குழம்பும் ங்கப்பி என்கிற மீன் விழுதும் தின்று வளர்ந்தவர்களை, உங்கள் ஊருக்குப் போங்கள் என்று சொன்னால் எந்த ஊர் என்று கேட்கத் தோன்றும். கேட்கவில்லை. எல்லாரும் மூட்டை கட்டினோம்.

மூட்டை கட்டுவதில் என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சுங்கக் கொட்டகையில் இரண்டு மேஜை. முதல் மேஜையில் மூட்டையை அவிழ்த்துப் பார்ப்பார்கள், நகை இருக்கிறதா, சிவப்புக்கல் இருக்கிறதா என்று. பார்த்துவிட்டு அவிழ்த்தது அவிழ்த்தபடி தள்ளிவிடுவார்கள். இரண்டாவது மேஜையில் எண்ணுவார்கள். ஆளுக்கு ஒரு துணி மூட்டை, அதில் துணி மட்டும்தான் இருக்கலாம், அதுபோக ஒரு சாமான். அவ்வளவுதான். ஒரு சாமான் என்றால் எது என்று எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. இரண்டாவது மேஜையில் போய் விழும்போது ஒரே கட்டாக இருந்தால் ஒன்று. பிரிந்து கிடந்தால் எத்தனை துண்டோ அத்தனை. மேஜையில் வந்தபின் கட்டக் கூடாது. கட்டினால் எதையோ ஒளிக்கிறான் என்று அர்த்தம்.

ஆரம்பத்தில் இது யாருக்கும் தெரியாது. ஒரு மனுஷர் பன்னிரண்டு வெண்கலத் தட்டை வேட்டியில் சுற்றி முடிந்து கொண்டுவந்தார். வீட்டிலிருந்து வரும்போது அது ஒன்று. முதல் மேஜைக்காரர் முடிச்சை அவிழ்த்தார். இரண்டாவது மேஜைக்குப் போனபோது அது பன்னிரண்டு. அந்த மனுஷர் ஒரே ஒரு தட்டோடு கப்பல் ஏறினார். மீதிப் பதினொன்றும் கொட்டகை மூலையில் குவிந்திருந்த சாமானோடு போய்ச் சேர்ந்தன. அந்தக் குவியலில் எல்லாம் கிடந்தது. குடை, பெட்டி, வெற்றிலை உரல், பிள்ளை விளையாடுகிற மரக்குதிரை.

அதைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்குத் தொழில் பிடிபட்டது. சாமானை முதலில் உள்ளே ஒரு கயிற்றால் சேர்த்துக் கட்டு. அதன்மேல் துணி சுற்றி முடி. முதல் மேஜைக்காரர் துணியை உரிப்பார், உள்கட்டு நிற்கும், இரண்டாவது மேஜையில் ஒன்று என்று எழுதுவார். இதுவும் போதாது. சில நாள் முதல் மேஜைக்காரருக்குச் சந்தேகம் வந்தால் உள்கயிற்றையும் தொடுவார். அதனால் எத்தனை கை அவிழ்க்குமோ அத்தனை கட்டு, அதற்குமேல் இன்னும் ஒன்று. இதுதான் என் கணக்கு. இந்தக் கணக்கை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நிறையப் பேர் இழந்ததைப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

என்னோடு ஒரு கூட்டாளி இருந்தான். கிறிஸ்தவன், மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன். அவன் அப்பா கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தவர். எனக்கு எழுத்து வராது, அவன் மூட்டைமேல் பெயிண்டால் பெயர் எழுதுவான். அவனுக்கு முடிச்சு வராது. நான் கட்டி முடித்ததும் இழுத்துப் பார்த்துவிட்டுச் சொல்வான், "டேய், நியாயத் தீர்ப்பு நாளில கர்த்தர் வந்தாலும் இத அவுக்க முடியாதுடா. மூட்டையோடயே தீர்ப்புச் சொல்லிட்டுப் போவாரு."

கொட்டகைக்கு வெளியே டீக்கடை ஒன்று. லாபெயே என்று பர்மாக்காரர்கள் சொல்கிற டீ, பால் கெட்டியாக இருக்கும். அங்கேதான் எங்களைத் தேடி வருவார்கள். அந்தப் பெண்ணும் அவள் மாமனாரும் அங்கேதான் வந்தார்கள். தன்லியினிலிருந்து சம்பான் படகில் ஆற்றைக் கடந்து வந்திருந்தார்கள். அப்போது பாலம் கிடையாது.

அவளுக்கு முப்பது வயது இருக்கும். புருஷன் தையல்காரன், முந்தின மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டான். பிள்ளை இல்லை. புருஷன் இருக்கும்போதே அவளும் தைப்பாள், பர்மாப் பெண்கள் போடுகிற எஞ்சி ரவிக்கை. அளவு நாடா இல்லாமல் கண்ணாலேயே அளவெடுப்பாள் என்று மாமனார் சொன்னார். அவர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு முனீஸ்வரன் கோயிலில் பூசாரி. அரைமணி நேரத்துக்கு மேல் நின்றால் கால் வீங்கும் மனுஷர். இருவரும் பெயர் கொடுத்ததில் அவளுக்கு மட்டும் கப்பல் வந்துவிட்டது. அவருடைய காகிதம் வரவில்லை. அவள் தனியாகப் போகிறாள். போகிற இடத்தில் தெரிந்தவர் யாரும் இல்லை. கையில் இருப்பது கையால் சுற்றுகிற தையல் மிஷின் ஒன்று.

அந்த மிஷினைத் துணி விலக்கிக் காட்டினாள். தைக்கிற இரும்புத் தலை, கைச்சக்கரம், நூல் பாபின் கூடும் ஊசியும் வைத்த தகரப் பெட்டி. வழியில் உடையாமல் இருக்கச் சக்கரத்தைக் கழற்றி வைத்திருந்தாள். மூன்றும் சேர்ந்தால்தான் மிஷின். ஒன்று இல்லாவிட்டால் மற்ற இரண்டும் இரும்பு.

"இது போய்ச் சேந்துட்டாப் போதும்ணே," என்றாள். "கால் வயிறோ அரை வயிறோ, ஒருத்தர்கிட்டப் போய் நிக்க வேண்டாம்."

"ஒன்னாவே போவும் தங்கச்சி. என் கட்டு இன்னிக்கி வரைக்கும் பிரிஞ்சதில்ல," என்றேன். அப்படிச் சொன்னேன்.

அப்போதுதான் பெரியவர் மடியிலிருந்து மஞ்சள் துணி முடிச்சு ஒன்றை எடுத்தார். எலுமிச்சம்பழ அளவு. இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டார்.

"இது பிடிமண்ணு தம்பி. அய்யன் காலடியில எடுத்தது. எங்க போறாளோ அங்க ஒரு கல்ல நட்டு இந்த மண்ணப் போட்டா அவரு அங்க வந்துருவாரு. இதத் தனியாக் கொண்டுபோனா ரெண்டாவது சாமானும்பான். மிஷினோட சேத்துக் கட்டிரு."

பிடிமண் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். குடிபெயர்ந்து போகிறவர்கள் தங்கள் சாமியின் கோயில் மண்ணில் ஒரு பிடி எடுத்துப்போய்ப் புது இடத்தில் கோயில் வைப்பார்கள். போய்ச் சேரும்வரை அதைத் தரையில் வைக்கக் கூடாது, அவிழ்க்கக் கூடாது. பெரியவரின் அப்பா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறும்போது அப்படிக் கொண்டுவந்த மண்தான் தன்லியினில் கோயிலானது. இப்போது அது திரும்பிப் போகிறது. அதுவரை எனக்குச் சம்மதம்தான். அதற்கு மேல் அவர் சொன்னதில்தான் சிக்கல்.

"இரும்போட சேத்துத்தான் கட்டணும். அப்பத்தான் வழியில காத்து கருப்பு அண்டாது. கட்டுன பெறகு அதே சாமான்ல வேற கயிறு போடாத. சாமி முடிச்சுக்கு மேல இன்னொரு முடிச்சுப் போட்டா சாமியையே கட்டிப்போட்ட மாதிரி. பெறகு அவரு எங்கயும் எறங்க மாட்டாரு."

"அப்ப மேல துணி சுத்தக் கூடாதா?" என்று கூட்டாளி கேட்டான்.

"துணி சுத்தலாம். துணி சாமிக்கு உடுப்பு."

கூட்டாளி என்னைத் தனியே தள்ளிக்கொண்டு போனான். "டேய், உள்ள ஒரே கயிறா? மண்ணுக்கும் அதே கயிறு, மிஷினுக்கும் அதே கயிறு. ஒருத்தன் மண்ணத் தொட்டா எல்லாம் போச்சு. பெரியவரு டீ குடிக்கிறாரு பாரு, அதுக்குள்ள மிஷினுக்கு மட்டும் தனியா ஒன்னு போட்டுரு. யாருக்குத் தெரியும்?"

"சாமி முடிச்ச எவன்டா அவுப்பான்? பர்மாக்காரனும் கும்புடுறவன்தானே."

"கும்புடுறவன் வேற, சுங்கத்துல உக்காந்திருக்கிறவன் வேற."

அவன் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும். எனக்குப் பயமும் இருந்தது, வீம்பும் இருந்தது. எங்கள் வீட்டிலும் முனீஸ்வரனுக்குச் சேவல் அறுப்பவர்கள்தான். சாமியைக் கட்டிப்போட்ட பாவம் எனக்கு எதற்கு? என் சொந்தக் கணக்கை நானே மீறினேன். சக்கரத்தைத் தலையின் வளைவுக்கு அடியில் செருகி, தகரப் பெட்டியைப் பக்கத்தில் அணைத்து, நடுவில் மஞ்சள் முடிச்சை வைத்து, நாலையும் ஒரே சணல் கயிற்றால் இறுக்கினேன். கயிற்றின் கடைசி முடிச்சு மஞ்சள் துணியின் வாயில் விழுந்தது. பெரியவர் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மேலே கோணித்துணி சுற்றி முடிந்தேன். கூட்டாளி அவள் பெயரை எழுதினான். எழுதும்போது வழக்கமான கிண்டல் எதுவும் வரவில்லை.

பெரியவரைக் கம்பி வேலிக்கு உள்ளே விடவில்லை. மருமகள் அவர் காலில் விழுந்து எழுந்தாள். "போய்க் காயிதம் போடு," என்று மட்டும் சொன்னார். அவளுக்கு எழுதத் தெரியாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். எனக்குத் துறைமுகக் கூலி என்கிற தகர வில்லை இருந்ததால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கூடவே போனேன்.

முதல் மேஜையில் கோணியை உரித்தார்கள். தையல் மிஷின் என்று தெரிந்ததும் சாக்பீஸால் கோடு போட்டுத் தள்ளினார்கள். எனக்கு மூச்சு வந்தது. அவளுக்கு முன்னால் இருபது பேர். வெயில் தகரக் கூரையில் இறங்கி உள்ளே வெந்துகொண்டிருந்தது. ஒரு கிழவி காதில் தோடு கழற்றிய ஓட்டையை விரலால் தடவிக்கொண்டே நின்றாள். எதற்கு இதைச் சொல்கிறேன் என்றால், அந்த வரிசையில் நின்றவர்களெல்லாம் இப்படி ஏதாவது ஒன்றைத் தடவிக்கொண்டே நின்றார்கள்.

இரண்டாவது மேஜையில் இருந்தவர் நடுவயது. கெட்டவர் இல்லை. எத்தனையோ நாள் என் கட்டைப் பார்த்துத் தலையாட்டி ஒன்று என்று எழுதியவர். அன்றைக்கு அவருக்குப் பின்னால் ஒரு பெரிய அதிகாரி கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். முந்தின வாரம் யாரோ ஊறுகாய் ஜாடியில் ஒளித்த சிவப்புக்கல்லைப் பிடித்திருந்தார்கள்.

மஞ்சள் முடிச்சைப் பார்த்து, "பா லெ?" என்றார். என்ன இது என்று கேட்கிறார்.

"சாமி மண்ணு சயா. எங்க கோயில் மண்ணு," என்று பர்மா மொழியில் சொன்னேன். சயா என்றால் ஐயா.

விரலால் அமுக்கினார். மண்ணில் சரளைக்கல் இருந்தது, சூடம் எரிந்த கட்டி இருந்தது. கல் விரலில் நெருடியதும் அவர் முகம் மாறியது. பின்னால் நின்ற அதிகாரி ஓர் எட்டு முன்னால் வந்தார்.

"அவிழ்க்கணும்," என்றார் மேஜைக்காரர்.

"சயா, அத அவுக்கக் கூடாது. சயா வீட்டுல புத்தர் முன்னால வச்ச பூவ யாராச்சும்..."

"தெரியும். எனக்குத் தெரியும். அவிழ்க்கணும்."

இதையும் சொல்ல வேண்டும். அவர் செருப்பிலிருந்து காலை உருவிக்கொண்டார். மேஜையில் ஒரு செய்தித்தாளை விரித்தார். மண் ஒரு துளிகூடக் கீழே விழாமல்தான் அந்த முடிச்சை அவிழ்த்தார். முடிச்சு விட்டது, கயிறு தளர்ந்தது. சக்கரம் உருண்டு மேஜை ஓரத்துக்குப் போனது. அவள் பாய்ந்து பிடித்தாள். தகரப் பெட்டி ஒரு பக்கம், தலை ஒரு பக்கம். அவர் விரலால் மண்ணைக் கிளறினார். சரளை, சூடக்கட்டி, ஒரு கரித்துண்டு. வேறொன்றும் இல்லை. செய்தித்தாளை நாலாக மடித்துப் பொட்டலமாக்கி மிஷின் தலைக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு பென்சிலால் ஒவ்வொன்றாகத் தொட்டார்.

"தச். நிச். தோங். லே."

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

"சயா, இது ஒன்னு," என்றேன். "இது ஒரு மிஷின். நீங்க அவுத்ததால நாலாத் தெரியுது. வரும்போது ஒன்னாத்தான் வந்துச்சு." கயிற்றை எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்தார்.

"கட்டாதே. மேஜையில வச்சுக் கட்டினா உன்னையும் சேர்த்துப் பிடிப்பாங்க." குரலைத் தாழ்த்தினார். "என் வீட்டிலயும் மிஷின் இருக்கு. எனக்குத் தெரியாதா? என் மேஜையில கிடக்கிறதைத்தான் நான் எழுத முடியும். பின்னால பார்."

நான் பார்க்கவில்லை. அவர் அவளிடம், "ஒன்று எடுத்துக்க, அம்மா," என்றார்.

நான் தமிழில் கத்தினேன். "தலையை எடு தங்கச்சி! தலையைத் தூக்கு. சக்கரம் அங்க கெடைக்கும். பாபின் கூடும் கெடைக்கும். மண்ண நான் பெரியவர்கிட்டக் குடுத்துடறேன்."

அவள் சக்கரத்தைப் பிடித்தபடியே நின்றாள். அழவில்லை. தலையைப் பார்த்தாள், சக்கரத்தைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள்.

"எங்கண்ணே கெடைக்கும்?"

"அங்கதான். ஊர்ல."

"எந்த ஊர்ல? நீங்க பாத்திருக்கீங்களா?"

அவள் ஒரு கையால் தலையைத் தூக்கிப் பார்த்துக் கீழே வைத்தாள்.

"தலைய மட்டும் வச்சு என்ன தைக்கிறது? தூக்கிட்டு நடக்கக்கூட முடியாது. இதுல எதை எடுத்தாலும் அரைகுறைதான்." பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். அவள் சக்கரத்தை மேஜையில் படுக்க வைத்தாள், தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவதுபோல. "இந்த மண்ணு ஒன்னுதான் முழுசா இருக்கு."

பொட்டலத்தை எடுத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். அவர் ஒன்று என்று எழுதினார். அவள் கப்பலுக்குப் போட்ட பலகையில் ஏறிப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. பொட்டலம் பிரிந்துவிடுமோ என்று அதையே பார்த்துக்கொண்டு போனாள். ஓர் ஆள் வந்து தலை, சக்கரம், பெட்டி மூன்றையும் அள்ளிக் குவியலில் போட்டான். மூன்றும் மூன்று இடத்தில் விழுந்தன.

வெளியே வந்தேன். பெரியவர் வேலிக்கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தார். கால் வீங்கியிருந்தது. பொய் சொல்லிவிடலாம் என்றுதான் வந்தேன். என் கையில் அந்தச் சணல் கயிறு இருந்தது. அதைப் பார்த்துவிட்டார்.

"அவுத்துட்டானா?"

"ஆமாய்யா."

"மண்ணு சிந்திருச்சா?"

"இல்ல. மண்ணு அவளோட போயிருச்சு. மிஷின்தான் போவல." நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார்.

"மண்ண எதுக்குடா எடுத்தா?" என்றார். "மிஷின் எப்படியும் போயிரும்னு நெனச்சுத்தானே மண்ணக் குடுத்தேன். சோத்துக்கு வழி இருந்தாத்தானே சாமிக்கு வெளக்கு?" பிறகு என்னைப் பார்த்துக் கத்தினார். "நான் கெழவன், சொல்லுவேன். நீ தொழில் தெரிஞ்சவன்தானே? ஒரு கயிறு கூடப் போட்டா என்ன? நான் டீ குடிச்சிட்டுத்தானே இருந்தேன்? ஏண்டா போடல?"

கூட்டாளி பக்கத்தில் நின்றான். அவன் ஒன்றும் சொல்லாததுதான் எனக்குப் பெரிய உபகாரம்.

அதற்குப் பிறகும் நான் கட்டினேன். வேறு வேலை இல்லை. மூன்று கட்டு, நான்கு கட்டு, யார் என்ன சொன்னாலும் கேட்பதில்லை. கஞ்சன் முடிச்சு என்று பெயர் வைத்தார்கள், அவிழ்க்கவே முடியாது என்பதற்காக. குவியலுக்குப் பக்கத்தில் போகும்போதெல்லாம் கண் தேடும். ஒரு நாள் சக்கரம் இல்லை. மழைக்காலம் வந்ததும் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

பல மாதம் கழித்துக் காயிதம் வந்தது. யாரையோ கொண்டு எழுதச் சொல்லியிருந்தாள். பெரியவர் அதை எடுத்துக்கொண்டு சம்பானில் வந்தார். அவருடைய கப்பல் காகிதம் அதுவரை வரவில்லை. அவருக்கு என்னோடு பேச்சில்லை. ஆனால் படிக்கத் தெரிந்தவன் என் கூட்டாளிதான், அதனால் டீக்கடைக்கே வந்தார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். கூட்டாளி படித்தான்.

சௌக்கியம் என்று எழுதியிருந்தது. அகதி முகாமில் ஒரு தகரக் கொட்டகை கொடுத்திருக்கிறார்கள். ரோட்டுக்குச் சல்லி உடைக்கப் போகிறாள். கையில் முதலில் கொப்புளம் வந்தது, இப்போது காய்த்துவிட்டது. ஒரு வேம்படியில் கல்லை நட்டு மண்ணைப் போட்டாயிற்று. செவ்வாய்க்கிழமை நாலைந்து பேர் வருகிறார்கள், எல்லாரும் பர்மாவிலிருந்து வந்தவர்கள். அவள் தையல்காரன் பெண்டாட்டி என்று அவர்களில் யாருக்கோ தெரிந்திருக்கிறது. ரவிக்கைத் துணியை எடுத்துக்கொண்டு தேடி வருகிறார்கள்.

இங்கே கூட்டாளி நிறுத்தினான். "படி," என்றார் பெரியவர்.

"துணிய வாங்கி வச்சிருக்கேன் மாமா. மிஷின் பின்னால வர்ற கப்பல்ல, உங்களோட வருதுன்னு சொல்லி வச்சிருக்கேன்."

பெரியவர் கையை நீட்டிக் காகிதத்தை வாங்கினார். மடித்தார். மறுபடி மடித்தார். இதற்கு மேல் மடிக்க முடியாது என்கிற அளவுக்கு மடித்து மடியில் செருகிக்கொண்டு, அன்றைக்குத்தான் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன பதில் எழுதச் சொல்லட்டும்?" என்று கேட்டார்.

கூட்டாளி பேனாவைத் திறந்து சௌக்கியம் என்று எழுதிவிட்டு என்னைப் பார்த்தான். மூன்று டீயும் ஆறிப்போயின.